நிறுவன உளவியலாளர் வருகிறாராம். அவர் யாருடைய ஆள்?

ஹோல்டில்_இருக்கவும்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் டீம் லீடராக இருக்கிறேன். பதினாலு பேர் இருந்த டீம், இப்போது பதினொன்று. இரண்டு பேர் ராஜினாமா செய்துவிட்டார்கள், மருத்துவ விடுப்பில் போன ஒருவர் இன்னும் திரும்பவில்லை. அந்த மூன்று இடங்களுக்கும் ஆள் எடுக்காமல் அவர்களுக்கு வரவேண்டிய அழைப்புகளை எங்கள் தலையில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். ஊழியர்களின் மனநலனில் அக்கறை கொண்டு ஓர் ஆர்கனைசேஷனல் சைக்காலஜிஸ்ட்டை வரவழைத்திருக்கிறார்களாம். முதலில் ஒரு சர்வே, அப்புறம் ஒவ்வொருவரோடும் தனியாக நாற்பது நிமிடப் பேச்சு, அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து கலந்துரையாடல். டீம் லீடர்கள் "முழு ஒத்துழைப்பு" தரவேண்டும் என்று கடைசி வரி, அதுவும் தடித்த எழுத்தில்.

எங்கள் ஆட்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. இதற்கு முன்னால் தியானம் செய்ய ஓர் ஆப் வாங்கிக் கொடுத்தார்கள். இன்னொரு முறை "மன அழுத்தத்தை வெல்வது எப்படி" என்று ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு. நாங்கள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் வரிசையில் சேர்ந்த புகார்களை அன்றைக்கே முடிக்கச் சொன்னதால், எல்லோரும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் பிந்தித்தான் வீட்டுக்குப் போனோம்.

வருகிறவர் கவுன்சலரா, டாக்டரா, இல்லை ஹெச்.ஆரின் இன்னொரு கையா? நாங்கள் தனியாகச் சொல்வது எங்கே போகும்? ஆள் போதவில்லை என்பது காவலாளிக்குக்கூடத் தெரியும், அதைக் கண்டுபிடிக்க ஒரு சைக்காலஜிஸ்ட் எதற்கு? அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். டீமில் ஒரு பெண் இரண்டு மாதமாகச் சரியாக இல்லை. எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருந்தவர் இப்போது யாரோடும் பேசுவதில்லை, தூக்கமே வருவதில்லை என்கிறார், போன வாரம் அழைப்பின் நடுவில் அழுதுவிட்டார். சைக்காலஜிஸ்ட் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை பொறுத்து அவரிடம் அனுப்பலாமா?

ரோஸ்டர்_வாசிப்பவன்:

நான் பதினோரு வருடமாக நிறுவன உளவியலாளராக இருக்கிறேன், அதனால் என் பதிலில் ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பொறுக்காதீர்கள். எங்களில் பெரும்பாலோர் சிகிச்சை தருகிறவர்கள் இல்லை. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ன கோளாறு என்று கண்டு உளவியல் சிகிச்சை தருவார். எங்களிடம் நோயாளி என்று ஒன்று இருந்தால் அது அந்த வேலைதான். வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எதை யார் முடிவு செய்கிறார்கள், ஒருவர் தடுமாறினால் யாரிடம் போய் நிற்பார், இவற்றைத்தான் பார்ப்போம். அந்தப் பெண்ணுக்கு இப்போது தேவை அவரை உட்காரவைத்துக் கேட்கிற ஒரு மருத்துவர்.

ஆள் போதவில்லை என்பதைக் கண்டுபிடிக்க நாங்கள் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது பாதிக் கதைதான். 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைச் சொன்னார்: பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை குறைவாகவும் இருந்தால் அதுதான் ஆளை அதிகமாக அரிக்கும். அதே பளு, ஆனால் கையில் கொஞ்சம் சுதந்திரம் இருந்தால் கதை வேறு. பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், வேலையில் தன் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. மனசு மட்டும் இல்லை, உடம்பும் கணக்கு வைத்துக்கொள்கிறது. உங்கள் வேலையை யோசித்துப் பாருங்கள். என்ன பேசவேண்டும் என்பது ஸ்கிரிப்டில் இருக்கிறது, எவ்வளவு நேரம் என்பது திரையில் ஓடுகிறது, எழுந்து போவதற்குக்கூட ஸ்டேட்டஸ் மாற்றவேண்டும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். உங்களுடையது போலவே ஒரு சேவைப் பிரிவு. சர்வேயில் அத்தனை பேரும் "வேலைப்பளு" என்றே எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு மேனேஜர் அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடி என்கிறார். தரத்தைப் பார்க்கிற பிரிவோ வாடிக்கையாளர் தருகிற மதிப்பெண் குறைந்தால் ஊக்கத்தொகையில் கை வைக்கிறது. சிக்கலான புகாரை ஆறு நிமிடத்தில் முடித்தால் மதிப்பெண் போய்விடும், பொறுமையாகப் பேசினால் நேரம் போய்விடும், எப்படிச் செய்தாலும் யாரோ ஒருவரிடம் திட்டு. இதை நாங்கள் பங்கு முரண் (ரோல் கான்ஃப்ளிக்ட்) என்போம். ராபர்ட் கான் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1964இலேயே ஆராய்ந்து எழுதிய சமாச்சாரம், இன்னும் எல்லா அலுவலகங்களிலும் உயிரோடு இருக்கிறது. நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புகார் அழைப்புகளுக்கு நேர இலக்கை எடுத்தோம், வசைபாடுகிற அழைப்பு முடிந்ததும் யாரிடமும் கேட்காமல் ஐந்து நிமிடம் எழுந்து போகலாம் என்றாக்கினோம், ரோஸ்டரை, அதாவது ஷிஃப்ட் அட்டவணையை, இரண்டு வாரம் முன்கூட்டியே வெளியிட வைத்தோம். இந்த மூன்றுக்கும் ஏழு மாதம் ஆயிற்று, அதில் ஐந்து மாதம் இரண்டு மேனேஜர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கவே போனது. அழைப்புகளின் எண்ணிக்கை கடைசிவரை குறையவில்லை. ஆனால் அடுத்த சர்வேயில் ஞாயிற்றுக்கிழமை மாலையே வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள்.

நீங்கள் சொல்வது எங்கே போகும் என்பது ஆளுக்கு ஆள், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், அதனால் அவரிடமே நேராகக் கேளுங்கள். எங்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம், அதை மறைக்கிறவரை நம்பாதீர்கள். மூலப் பதில்கள் யாரிடம் இருக்கும், அறிக்கையை முதலில் படிப்பவர் யார், எத்தனை பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டமாட்டார் என்று கேளுங்கள். உங்கள் டீமில் பதினொரு பேர்தான். அதை வயது, அனுபவம், ஷிஃப்ட் என்று பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேர்தான் நிற்பார்கள், அப்புறம் பெயர் எழுதாவிட்டால் என்ன, எழுதினால் என்ன. எல்லாவற்றையும்விட, எதை மாற்றுகிற அதிகாரம் தனக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அந்த இடத்தில் அவர் மென்று விழுங்கினால் நீங்களும் உங்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்று_சர்வே_பார்த்தவன்:

மேலே உள்ளவர் நல்லவராகத் தெரிகிறார், ஆனால் எல்லோருக்கும் அவர் வாய்ப்பதில்லை.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) மூன்று வருடத்தில் மூன்று சர்வே. இரண்டாவது சர்வேயில் ஒருவர், "எங்கள் மேனேஜர் இரவு பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுக் காலையில் ஏன் பதில் இல்லை என்று கேட்கிறார்" என்று எழுதியிருந்தார். பெயர் கிடையாது. அதை மீட்டிங்கில் திரையில் போட்டு, "இது யார் எழுதியது என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அந்த மேனேஜர். மூன்றாவது சர்வேயில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டோம். நிர்வாகம் கேக் வெட்டியது. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே வெட்டினார்கள்.

அப்புறம் அந்த "மீள்திறன்" பயிற்சி. வளைந்துகொடு, நன்றியுணர்வு டைரி எழுது, நேரத்தைத் திட்டமிடு. அதாவது ஓட்டைப் படகில் உட்காரவைத்து நீச்சல் சொல்லிக்கொடுப்பது. இது என் வயிற்றெரிச்சல் மட்டும் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் என்பவர் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை எடுத்துப் பார்த்து 2024இல் ஓர் ஆய்வுக் கட்டுரை போட்டார். ஆப், பயிற்சி வகுப்பு, மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் என்று தனிமனிதர்களைக் குறிவைத்த திட்டங்களில் கலந்துகொண்டவர்களும் கலந்துகொள்ளாதவர்களும் மனநலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தார்கள். தன்னார்வத் தொண்டுக்கு வாய்ப்பு தருவது மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு.

அதனால் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. போன முறை சொன்னதில் எதைச் செய்தீர்கள்? பதில் வரும்வரை நான் எந்தப் பெட்டியிலும் டிக் போடுவதில்லை.

ரோஸ்டர்_வாசிப்பவன்:

அந்தத் திரை விஷயத்தைப் படித்ததும் ரத்தம் கொதித்தது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நிர்வாகத்திடம் தூக்கிக் கொடுத்தவர் தொழில் தெரியாதவர், இல்லை தெரிந்தே செய்தவர். நான் கையால் எழுதிய பதில்களை அப்படியே தருவதே இல்லை, ஒருவருடைய வழக்கமான சொல்லோ எழுத்துப்பிழையோ போதும், கூட வேலை செய்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜப்பானில் 2015 டிசம்பரிலிருந்து 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை மன அழுத்தப் பரிசோதனை நடத்தவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே தனிமனித முடிவு நேராக அந்த ஊழியருக்குத்தான் போகும், அவர் சம்மதிக்காமல் முதலாளி பார்க்கக்கூடாது. சட்டம் இல்லாத இடத்திலும் இதை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஃபிளெமிங் ஆய்வைப் பற்றி ஒரு திருத்தம் இல்லை, ஒரு ஒட்டு. அந்த ஆய்வு பார்த்தது ஆட்களைச் சரிசெய்கிற திட்டங்களை. வேலையைச் சரிசெய்வது அதில் வரவில்லை. எங்கள் தொழிலில் பாதிச் சண்டையே இங்கேதான் நடக்கிறது. நிர்வாகம் பயிற்சி வகுப்பு கேட்கும், ஏனென்றால் ஒரு நாளில் முடிந்துவிடும், புகைப்படம் எடுக்கலாம், மேலே யாரும் எதையும் மாற்றவேண்டியதில்லை. நானும் ஆரம்ப வருடங்களில் அப்படிப்பட்ட வகுப்புகள் எடுத்திருக்கிறேன், வாடகை கொடுக்கவேண்டுமே.

மாலைநேர_கிளினிக்:

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"பர்ன்அவுட்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், அதாவது 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல், பர்ன்அவுட் ஒரு நோயாக வைக்கப்படவில்லை, வேலை தொடர்பான ஒரு நிலையாகத்தான் இருக்கிறது. சமாளிக்கப்படாமல் நீண்ட நாள் நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நாம் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. வேலையைத் தாண்டி வாழ்க்கையின் மற்ற பக்கங்களுக்கு அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. மனச்சோர்வு நோய் வேறு. அது வார இறுதியிலும் விடாது, விடுப்பு எடுத்தாலும் கூடவே வரும், பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போகும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம், அதனால் வெளியிலிருந்து பார்த்து இதுதான் என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டாம். தூக்கமில்லை, அழுகை, ஒதுங்கிப்போதல், இரண்டு மாதம். இது மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். தனி அறையில், அவருடைய பர்ஃபார்மன்ஸ் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "முன்பு மாதிரி இல்லை, போன வாரம் அழுததைப் பார்த்தேன், எப்படி இருக்கிறீர்கள்?" அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், டீம் லீடர்களுக்கு இதுதான் கஷ்டம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிற தொனி வந்தால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறாரே என்றுதான் பலருக்கும் இருக்கும். ஆமாம் என்றால் அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே அவசர சிகிச்சைக்கோ உதவி எண்ணுக்கோ இணைத்துவிடுங்கள். சர்வே, சைக்காலஜிஸ்ட் வருகை எல்லாம் அப்புறம்.

மறுபடி_வந்தவள்:

மனச்சோர்வுக்காக நான்கு மாதம் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பியவள் நான். இந்த நிறுவன உளவியலாளர்கள் ஒன்றுக்கும் உதவமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு உதவியது திரும்பி வருகிற நேரத்தில்.

விடுப்பு எடுப்பது சுலபம், டாக்டர் சீட்டு எழுதிவிடுவார். திரும்புவதுதான் பயங்கரம். என்ன நடந்தது என்று யார் யாருக்குத் தெரியும், கணினியைத் திறந்தால் எத்தனை மெயில், என் இடத்தில் இப்போது யார். எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகிற உளவியலாளர் நான் திரும்புவதற்கு முந்தைய வாரமே என்னோடும் மேனேஜரோடும் சேர்ந்து உட்கார்ந்தார். முதல் இரண்டு வாரம் அரை நாள், புது வாடிக்கையாளர்கள் கிடையாது, பழைய மெயில் பெட்டியை மொத்தமாக ஓரமாக வைத்துவிட்டு முக்கியமானதை மட்டும் ஒருவர் எடுத்துத் தருவார் என்று முடிவானது. டீமிடம் என்ன சொல்வது என்பதை நான்தான் எழுதினேன், "உடல்நலக் காரணம், இப்போது தேறிவருகிறேன்" என்று இரண்டு வரி. என் நோயின் பெயரை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. மேனேஜரிடம் அவர், "தினமும் எப்படி இருக்கிறாய் என்று கேட்காதீர்கள், வாரம் ஒரு முறை கேட்டால் போதும்" என்றார், அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

உங்கள் டீமிலும் ஒருவர் விடுப்பில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் எந்த நாற்காலிக்குத் திரும்பி வருவார்? அதே பளுவுக்கா, மூன்று ஆள் வேலைக்கா?

ஹெச்ஆர்_மேசையிலிருந்து:

திட்டு வாங்கத் தயாராகத்தான் வருகிறேன். எல்லா ஹெச்.ஆரும் ஒற்றர்கள் இல்லை. நானே சர்வே வேண்டாம், ஆள் எடுங்கள் என்று மேலே சொல்லித் தோற்றிருக்கிறேன். மேலே இருப்பவர்களுக்குக் காசு பாஷையில் சொன்னால்தான் காது கேட்கும். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் போகின்றன, இழப்பு ஏறக்குறைய 1 லட்சம் கோடி டாலர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதே நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலத்துக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது, அதில் பணிச்சூழலை மாற்றுவதும் மேனேஜர்களுக்குப் பயிற்சி தருவதும் பரிந்துரையாகவே இருக்கின்றன. 2021இல் வந்த ஐஎஸ்ஓ 45003 என்கிற சர்வதேச வழிகாட்டித் தரம் இன்னும் வசதி. அதில் பணியிட உளவியல் ஆபத்துகளை வழுக்கும் தரை, அறுந்த ஒயர் மாதிரியே பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு சமாளிக்கச் சொல்கிறார்கள். "அக்கறை" என்று எழுதினால் பட்ஜெட் வராது, "ஆபத்து" என்று எழுதினால் சில சமயம் வரும்.

டீம் லீடர் சார், உங்களிடம் இருக்கிற எண்களை எடுத்து வையுங்கள். ஆள் குறைந்த தேதி, அதற்கு முன்னும் பின்னும் ஒருவருக்கு எத்தனை அழைப்பு, கூடுதல் நேரம், எடுத்த விடுப்பு நாட்கள். வருகிறவர் நல்லவர் என்றால் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஹோல்டில்_இருக்கவும்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் நேற்று பேசினேன். நான் இரண்டு வாக்கியம் சொன்னேன், அப்புறம் கிளினிக் நண்பர் சொன்னபடி சும்மா இருந்தேன், ஒரு நிமிடம் ஒரு யுகமாகப் போயிற்று. நேராகவும் கேட்டேன். அப்படி இல்லை என்றார், "ஆனால் கேட்டீர்களே" என்றார். நாளைக்கு அவருடைய அக்காவோடு டாக்டரிடம் போகிறார், நான் விடுப்புக்கு என்ன காரணம் என்று எழுதாமல் ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

வரப்போகிற உளவியலாளருக்கும் ஒரு மெயில் போட்டேன். பதில் ஒரே நாளில் வந்தது, நான் எதிர்பார்க்கவில்லை. மூலப் பதில்கள் அவரிடம் மட்டும் இருக்குமாம், பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டமாட்டாராம், கையால் எழுதியவற்றைத் தொகுத்துத் தன் சொற்களில்தான் தருவாராம். எதை மாற்ற அதிகாரம் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும், "பரிந்துரைக்கலாம், ரோஸ்டரும் இலக்குகளும் என் வரம்பில் வருகின்றன, புது ஆள் எடுப்பது வரம்பில் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள்" என்று போட்டிருந்தார். நேர்மையாகச் சொன்னதற்காக அவர் மேல் கோபப்பட முடியவில்லை, அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் மேல் வருகிறது.

ஹெச்.ஆர் நண்பர் சொன்ன எண்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி வந்தவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, விடுப்பில் இருப்பவரை இத்தனை நாளில் ஒரு முறைகூட நான் கூப்பிட்டுப் பேசவில்லை என்பதும் அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

மூன்று_சர்வே_பார்த்தவன்:

ஆள் எடுப்பது வரம்பில் இல்லையாம். பார்த்தீர்களா. சரி, சர்வேயை நிரப்புங்கள், ஆனால் அந்த ஒப்பந்த வரியைக் கலந்துரையாடலில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வந்து என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

மறுபடி_வந்தவள்:

கூப்பிட்டால் வேலையைப் பற்றி எடுக்காதீர்கள். எப்போது வருகிறீர்கள் என்றும் கேட்காதீர்கள். நீங்கள் கலாய்த்துப் பேசிக்கொள்கிறவர்கள் என்றால் கலாய்த்தே பேசுங்கள்.